வெர்லின் போடாத கையெழுத்து

மார்ச் இரண்டாவது வாரம் டோலஃப்சன் பண்ணை முற்றத்தில் ஏலக்காரனின் வெள்ளை வண்டி நின்றிருந்ததைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பால் லாரி ஓட்டுகிறவனுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் விஸ்கான்சின் குன்றுப் பக்கத்தில் இருபத்து மூன்று வருடமாக ஒருநாள் விட்டு ஒருநாள் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றிச் சீஸ் ஆலையில் இறக்குகிறேன். ஏலக்காரன் வண்டி வந்து நின்றுவிட்டுப் போன பண்ணைகளை, அடுத்த பருவத்துக்கு நான் நிறுத்தாமல் தாண்டிப் போகவேண்டி வரும்.

பால் தொட்டி அறையில் நெரெய்தா குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை.

"ஏலம் எப்போ?" என்றேன்.

"ஏப்ரல் பன்னெண்டு. சனிக்கிழமை."

"உன் பேப்பர்?"

"மே முப்பத்தொண்ணு."

அவள் நிமிரவில்லை. நான் குழாயை மாட்டிப் பால் இழுக்க விட்டேன். மோட்டார் சத்தத்தில் அதற்குமேல் பேச முடியாது என்பது இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

நெரெய்தா சேபாவா மெக்சிகோவில் வெராக்ரூஸ் மலைப்பக்கத்துக்காரி. அங்கே மாட்டு வைத்தியம் படித்தவள். இங்கே வந்து ஆறு வருடம். வெர்லின் டோலஃப்சனின் நூற்று நாற்பது கறவை மாடுகளுக்கும் அவள்தான் எல்லாம். எந்த மாட்டுக்கு எப்போது சினை ஊசி, எதற்கு மடி வீங்குகிறது, எது தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது என்று கேட்டால் நோட்டைத் திறக்காமல் சொல்வாள். கணவன் ஃபெர்மின் அங்கே பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். இங்கே அவனுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. மனைவியின் விசாவில் வந்தவன் சமைக்கலாம், தோட்டம் போடலாம், மகள் சித்லாலியைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றலாம். கூலிக்கு ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. பண்ணையைச் சேர்ந்த சின்ன வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வெர்லின்தான் ஆரம்பித்தார். "வருஷா வருஷம் விசா நீட்டிக்கிட்டு எதுக்கு அல்லாடற? கிரீன் கார்டுக்குப் போட்டுடுவோம்" என்றார். முதல் கட்டமாக உள்ளூரில் இந்த வேலைக்கு ஆள் இல்லை என்று காட்டப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று கேட்டான். இன்னொருவன் சாணிக்குட்டையின் வாசனை வந்ததும் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். அப்புறம் வெர்லின் பெயரில் ஒரு மனு, அது தேறியது. கடைசியாக டிசம்பர் இரண்டாம் தேதி நெரெய்தா குடும்பத்தின் பெயரில் ஒரு மனு.

வக்கீலம்மா போனில் சொன்னதை ஃபெர்மின் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தான். டிசம்பர் இரண்டிலிருந்து நூற்று எண்பது நாள், அதாவது மே முப்பத்தொன்று வரை, எல்லாம் டோலஃப்சன் பண்ணையை நம்பித்தான் நிற்கும். அதற்குள் பண்ணை மூடினாலும், முதலாளி மனுவைத் திரும்ப வாங்கினாலும், போட்டதெல்லாம் போச்சு. அந்த நாள் கடந்துவிட்டால், இதே வேலையை வேறு பண்ணையில் பார்த்துக்கொண்டு கிரீன் கார்டுக்குக் காத்திருக்கலாம்.

பிப்ரவரியில் வெர்லின் தீவனக் கொட்டகை வாசலில் பனிக்கட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். முதலில் ஓடிப்போனது நெரெய்தாதான். கன்றுக்குப் போர்த்துகிற கம்பளியை அவர்மேல் போட்டு, "அசையாதீங்க" என்றாளாம். "எனக்கு ஊசி கீசி போட்டுடாத, நான் கறவை நிறுத்தி ரொம்ப நாளாச்சு" என்றாராம் அவர்.

எழுபத்தாறு வயது. இனி கொட்டகைப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், மாடிசனில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரே மகள் மார்லா வந்து இறங்கினாள். ஒரு வாரத்தில் ஏலக்காரனைப் பேசி முடித்தாள். கெட்டவள் இல்லை. அப்பா திரும்ப விழுந்துவிடுவாரோ என்று பயந்தவள்.

ஏலத் தேதி தெரிந்த அன்று தங்கள் வீட்டில் நடந்ததை ஃபெர்மின் பிறகு எனக்குச் சொன்னான். அவன் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தான்.

"போய்க் கேளு, டாக்டரம்மா. ஏழு வாரம் தள்ளிப் போடுங்கன்னு கேளு."

"எப்படிக் கேக்கறது? அவரு அங்க வாக்கரைப் பிடிச்சிட்டு நிக்கறாரு. எனக்காக இன்னும் ரெண்டு மாசம் பண்ணைய இழுத்துப் பிடிங்கன்னா?"

"அப்ப நான் கேக்கறேன்."

"நீ கேட்டா இமயமலை எங்க இருக்குன்னு ஆரம்பிச்சு இங்க வந்து சேர ரெண்டு மாசம் ஆகும், வாத்தியாரே."

"நல்லதுதானே. அதுக்குள்ள மே முடிஞ்சிரும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு ரொட்டியைப் பிய்த்து வைத்துக்கொண்டு வெகுநேரம் தின்னாமல் இருந்தாள். சித்லாலி நாலாம் வகுப்பு. வீட்டுப்பாடத்தில் 'எங்கள் ஊர்' என்று எழுதச் சொன்னால் இந்தப் பள்ளத்தாக்கைத்தான் எழுதுகிறாள். போன வருடம் நெரெய்தாவின் அப்பா இறந்தபோது, மனு நடுவில் இருக்கும்போது எல்லை தாண்டாதே என்று வக்கீலம்மா சொல்லிவிட்டாள். அடக்கத்தைப் போனில்தான் பார்த்தாள். அதையும் கொடுத்தாகிவிட்டது. இனி வெறுங்கையோடு திரும்ப முடியாது.

மறுநாள் முழுக்கக் கொட்டகையில் இருந்தாள். ஞாயிறு மதியம் தேவாலயம் விட்டு வந்து டோலஃப்சன் வீட்டில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது கையில் ஒரு தாளோடு போனாள். வெர்லினின் மனைவி ஆர்டிஸ், மீனும் நூடுல்ஸும் போட்டு அடுப்பில் சுட்ட ஒரு பதார்த்தத்தை அவளுக்கும் ஒரு தட்டில் வைத்தார். அந்தப் பதார்த்தத்தை ஃபெர்மின் 'சிமெண்ட்' என்பான். ஆனால் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான்.

"தலையீத்துக் கிடேரி முப்பத்தொண்ணு நிக்குது" என்றாள் நெரெய்தா. "எல்லாம் ஏப்ரல் நடுவுலேருந்து மே கடைசிக்குள்ள கன்னு போடும். பன்னெண்டாம் தேதி ஏலம்னா எல்லாம் நிறைசினையோட லாரில ஏறணும். பாதி வழியில நாலஞ்சாவது கன்னை இழக்கும். வாங்கறவனும் மடிய பாக்காம வாங்க யோசிப்பான். கன்னு போட்டு, பால் இறங்கி, கொஞ்ச நாள் கறந்து காட்டிட்டு வித்தா கதையே வேற. ஜூன் ஏழு, சனிக்கிழமை. ஏலக்காரருக்கு அந்தத் தேதி காலியா இருக்கு. கேட்டுட்டேன்."

மார்லா தாளை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு கிடேரியின் எண், அம்மா, கன்று போடும் தேதி.

"இது மாட்டுக்காகச் சொல்றியா, உனக்காகச் சொல்றியா?"

ஆர்டிஸின் கரண்டி நின்றது. நெரெய்தா ஒரு நிமிடம் யோசித்தாள். பொய் சொல்வதற்கான யோசனை இல்லை, எப்படிச் சொல்வது என்பதற்கான யோசனை.

"ரெண்டுக்கும்தான். மே முப்பத்தொண்ணு தாண்டினா நாங்க இங்க இருக்கலாம். அதுக்கு முன்னாடி மாடு போச்சுன்னா நாங்களும் போகணும். ஆனா தாள்ல இருக்கறது நெசம். நீங்க வேற எந்த வைத்தியரை வேணும்னாலும் கூப்பிட்டுக் கேளுங்க."

"வேலைக்கு ஆள்? கறக்கறவங்க ரெண்டு பேரும் ஏலம்னு கேள்விப்பட்டதும் வேற பண்ணைக்குப் போறோம்னு சொல்லிட்டாங்களாமே."

"ஃபெர்மினுக்குப் போன வாரம் வேலை அனுமதி வந்துடுச்சு."

"ஃபெர்மினா?" என்று வெர்லின் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அவன் மாட்டைப் பார்த்தா வேலிக்கு அந்தப் பக்கம் போறவனாச்சே."

"நானும் கறப்பேன்" என்றார் ஆர்டிஸ்.

"நீ பால் கறந்து இருபது வருஷமாச்சும்மா" என்றாள் மார்லா.

"மாட்டுக்கு இன்னும் நாலு காம்புதானே? கூடக் கீட முளைச்சிருக்கா?" என்றார் ஆர்டிஸ். "பண்ணைப் பத்திரத்துல என் பேரும் இருக்கு, மார்லா. யாரும் என்னைக் கேக்கல. ஜூன் ஏழுன்னா எனக்குச் சரி. சாப்பிடு, ஆறுது."

ஏலம் அப்படித்தான் தள்ளிப்போனது.

ஏப்ரல் எங்கள் பக்கத்தில் சேற்று மாதம். பனி உருகி முற்றம் களியாகிவிடும். என் லாரி இரண்டு தடவை புதைந்தது. ஒவ்வொரு தடவையும் ஃபெர்மின் கரடுமுரடான சரளைக் கல்லைக் கொட்டி உதவினான். இப்போது சட்டப்படி கல் நகர்த்தலாம் என்று அவனுக்குப் பெருமை. கறவைக்கூடத்தில் ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் எட்டு என்று மாடுகள் வந்து நிற்கும். கறப்பவர்கள் நடுவில் பள்ளத்தில் நிற்பார்கள். மடி கண்ணுக்கு நேரே இருக்கும், குளம்பும் அப்படியே. முதல் வாரம் ஃபெர்மினின் இரண்டு முழங்கையும் நீலம் பாரித்திருந்தன.

"எப்படி இருக்கு வேலை?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடம் மாதிரிதான். பின் வரிசையில நிக்கறவங்கதான் உதைக்கறாங்க."

மாடுகளுக்கு நாட்டுப் பெயர் வைத்து ஞாபகம் வைத்துக்கொண்டான். "பொலிவியாவுக்கு இடது பின்காம்பு கட்டியா இருக்கு" என்பான். நெரெய்தா போய்ப் பார்த்தால் உண்மையாகவே மடிநோய் ஆரம்பித்திருக்கும். ஆர்டிஸ் தலையில் பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு சாயங்காலக் கறவைக்கு வருவார். கை மரத்துப்போய் முதலில் தடுமாறினார். பிறகு அவர் வேகத்துக்கு ஃபெர்மினால் ஈடுகொடுக்க முடியவில்லை. சனி ஞாயிறுகளில் மார்லா மாடிசனிலிருந்து வந்து கன்றுகளுக்குச் சீம்பால் புட்டி கொடுத்தாள். வந்த முதல் வாரம் வெள்ளை ஷூ. அடுத்த வாரம் கடையில் புது ரப்பர் பூட்ஸ் வாங்கிவந்தாள். சின்ன வயதில் போட்டதுபோலவே சிவப்பு என்று ஆர்டிஸ் என்னிடம் தனியாகச் சொன்னார்.

வெர்லின் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பார். மே முதல் வாரத்துக்குள் பத்தொன்பது கிடேரிகள் கன்று போட்டிருந்தன. ஒன்றும் சாகவில்லை. குன்றுச் சரிவுகளில் புல் பச்சை கட்டியது. மதியச் சாப்பாட்டை வெளியே மேப்பிள் மரத்தடியில் வைத்துக்கொண்டார்கள். ஃபெர்மினின் மொச்சையும் மிளகாய்க் குழம்பும், ஆர்டிஸின் சிமெண்டும் ஒரே தட்டில். நானும் லாரியை நிறுத்திவிட்டு அதில் பங்கு வாங்கியிருக்கிறேன். அந்த ஏப்ரல், மே போல அந்தப் பண்ணை கலகலப்பாக இருந்து நான் பார்த்ததில்லை.

மே ஆறாம் தேதி அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. டோலஃப்சன் பண்ணையில் நெரெய்தாவுக்குச் சொல்லப்பட்ட நிரந்தர வேலை இன்னும் அவளுக்காகக் காத்திருக்கிறது என்று முதலாளி கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். பதில் கொடுக்க ஆகஸ்ட் வரை கெடு.

அவள் அதை எடுத்துக்கொண்டு நேராக வெர்லினிடம் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாதும்மா."

அவளுக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது.

"ஜூன் ஏழுக்கப்புறம் இங்க மாடு இல்ல. மாடு இல்லாத பண்ணையில மந்தை பாக்கறவளுக்கு என்ன வேலை? நிரந்தர வேலைன்னு போட்டிருக்கான். எனக்குத் தெரிஞ்சே பொய்யில எம்பேரை எழுதறதா?"

"மூணு வருஷமா போட்டீங்களே, அதெல்லாம்?" என்று ஆர்டிஸ் சமையலறையிலிருந்து கேட்டார்.

"அப்ப அது நெசம், ஆர்டிஸ்."

நெரெய்தா கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்று சாயங்காலம் அவள் கறவைக் குழல்களைப் படக் படக்கென்று மாட்டினாள். கடைசி வரிசை மாடுகள் வெளியே போனதும் பள்ளத்தின் படியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றாமலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ஃபெர்மின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஆறு வருஷம், வாத்தியாரே. கிறிஸ்துமஸ் அன்னிக்குக்கூட கன்னு இழுத்திருக்கேன். ஒரு கையெழுத்து."

"அவரு போடாததும் நல்லதுதான்னு வையேன். நாளைக்கு எவனாவது வந்து, பண்ணை எங்க, மாடு எங்கன்னு கேட்டா? மாட்டிக்கறது அவரு மட்டுமா, நாமும்தான். வக்கீலம்மாவைக் கேப்போம்."

மறுநாள் வக்கீலம்மா சொன்னது சுலபமாக இருந்தது. ஆகஸ்ட் வரை கெடு இருக்கிறதே. மே முப்பத்தொன்று தாண்டட்டும். அதன்பிறகு இதே வேலையை உண்மையாகவே கொடுக்கிற இன்னொரு பண்ணைக்காரர் கையெழுத்துப் போட்டால் போதும்.

இன்னொரு பண்ணைக்காரர் என்றால் எங்கள் பள்ளத்தாக்கில் லோவெல் ஓஸ்லிதான். முன்னூறு மாடு; நல்ல ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். ஆனால் வெர்லினும் அவரும் பேசிப் பதினோரு வருடம். வெர்லின் முப்பது வருடம் குத்தகைக்கு உழுத எண்பது ஏக்கர் நிலத்தை லோவெல் கூடுதல் குத்தகை கொடுத்து எடுத்துக்கொண்டதிலிருந்து, தேவாலயத்தில்கூட ஆளுக்கொரு பக்கம் உட்கார்வார்கள். நெரெய்தாவுக்கு அது தெரியும். "இவரு சோத்தைத் தின்னுக்கிட்டு அவரு வாசல்ல போய் நிக்கறதா? ஏலம் முடியட்டும்" என்று சொல்லிவிட்டாளாம். வேறு மாவட்டத்தில் ஏதாவது பண்ணை கிடைக்குமா என்று விசாரிக்க ஆரம்பித்திருந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை நான் பால் ஏற்றி முடித்து லாரியைக் கிளப்பும்போது, வாக்கரைத் தள்ளிக்கொண்டு வெர்லின் முற்றத்தைக் கடந்து வந்தார்.

"ஏப்பா ராய்ஸ், அடுத்து எங்க?"

"ஓஸ்லி பண்ணை."

"என்னையும் ஏத்திக்க."

"லாரில ஆள் ஏத்தினா என் வேலை போயிரும், வெர்லின். உங்க வண்டி?"

"சாவிய மார்லா எடுத்துக்கிட்டுப் போயிட்டா. திருடன் மாதிரி பாக்கறா என்னை. கதவைத் திற."

லாரி இருக்கைக்கு மூன்று படி. அவருக்கோ முறிந்து மூன்று மாதமே ஆன இடுப்பு. கீழேயிருந்து நான் தோளால் முட்டுக்கொடுத்து ஏற்றினேன். பீப்பாய் ஏற்றுகிற மாதிரிதான். வழியெல்லாம் வாக்கர் எங்கள் நடுவில் குலுங்கிக்கொண்டு வந்தது.

லோவெல் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். யார் இறங்குகிறது என்று தெரிந்ததும் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் முதலில் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு குதிரைமசால் தீவனப் புல் அறுப்பைப் பற்றி. பிறகு டீசல். நான் குழாயை மாட்டி, பால் அளவைக் குறித்து, சாம்பிள் எடுத்து முடிக்கிற வரை அப்படியே போயிற்று.

"நெரெய்தா இருக்காள்ல" என்றார் வெர்லின், சைலேஜ் தீவனக் குவியலைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்."

"ஜூன்லேருந்து அவளுக்கு வேலை வேணும். ரெண்டு மாசத்துக்கு இல்ல, நிரந்தரமா. காகிதத்துல கையெழுத்துப் போடணும். காகிதத்துக்காக வேலை கொடுக்கறதா இருந்தா வேண்டாம். நெசமாவே வேலை இருந்தாதான்."

லோவெல் பூட்ஸால் சேற்றைச் சீண்டினார்.

"நீயா கேக்கற, வெர்லின்?"

"நான்தான் கேக்கறேன். வேற யாரு லாரில வந்திருக்கா?"

"ரெண்டு வருஷமா அவளைக் கூப்பிடணும்னு நினைச்சிட்டிருக்கேன். உன் மாட்டுக்கு மடிநோயே வர்றதில்லன்னு சீஸ் ஆலையில சொல்றான். ஏற்கெனவே நிலத்தை எடுத்தேன், ஆளையும் எடுத்தா நீ துப்பாக்கியோட வருவேன்னு விட்டுட்டேன்."

"வந்திருப்பேன்" என்றார் வெர்லின்.

லோவெல் சிரித்தார். வெர்லின் சிரிக்கவில்லை, ஆனால் கையை நீட்டினார். லோவெலின் மனைவி காப்பி கொண்டுவந்தாள். நான் நாற்பது நிமிடம் தாமதமாக ஆலைக்குப் போய்த் திட்டு வாங்கினேன்.

ஓஸ்லி பண்ணையிலிருந்து முதலில் அவரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது நெரெய்தா டோலஃப்சன் முற்றத்தில் நின்றிருந்தாள். லாரியிலிருந்து அவரை இறக்கியது அவள்தான்.

"இடுப்பு கழண்டா நான் தைக்க மாட்டேன்" என்றாள் கோபமாக. "எங்க போனீங்க?"

"உனக்கு வேலை கேட்டுட்டு வந்தேன். லோவெல் போடுவான் கையெழுத்து. அவன் போட்டா அது நெசமா இருக்கும்." வாக்கரைப் பிடித்துக்கொண்டு இரண்டடி வைத்துவிட்டு நின்றார். "நான் போடலன்னு வருத்தம்தானே உனக்கு?"

"ஆமா."

"இருக்கட்டும். சீக்கிரம் கறக்கப் போ. பொலிவியா கத்துது."

அவர் வாயால் அந்தப் பெயர் வந்ததும் கொட்டகை வாசலில் நின்ற ஃபெர்மின் தொப்பியைக் கழற்றி வணங்கினான்.

மே முப்பத்தொன்று சனிக்கிழமை வந்தது, போனது. அன்று ஒரு கிடேரி இரட்டைக் கன்று போட்டதால் அவர்களுக்கு அதைக் கொண்டாட நேரமில்லை. ஏழாம் தேதி ஏலத்துக்கு நாலு மாநிலத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு மாடு வளையத்துக்குள் வரும்போதும் அதன் அம்மா, ஈத்து, குணம் எல்லாவற்றையும் நெரெய்தா மைக்கில் சொன்னாள். கடைசி மாடு ஏறிப் போனதும் வெர்லின் காலிக் கொட்டகைக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டு வந்தார். அழவில்லை. சாப்பிட மட்டும் கொஞ்சம் நேரமாயிற்று. பத்தாம் தேதி லோவெல் கையெழுத்துப் போட்டார். அன்றே நெரெய்தா அங்கே வேலைக்குப் போனாள். ஃபெர்மினுக்குச் சீஸ் ஆலையில் இடம் கிடைத்தது. சின்ன வீட்டிலேயே இருங்கள் என்று ஆர்டிஸ் சொல்லிவிட்டதால் சித்லாலியின் பஸ்கூட மாறவில்லை.

அடுத்த வருடம் மார்ச் மாதம் ஒரு மதியம் நான் ஓஸ்லி பண்ணையில் பால் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆர்டிஸின் கார் சேற்றைத் தெறித்துக்கொண்டு வந்து நின்றது. கையில் ஒரு கனத்த உறை.

"நெரெய்தா எங்க?"

ஈனும் கொட்டிலில் இருந்தாள். வைக்கோலில் முழங்காலிட்டு, தோள் வரை ஒரு கறுப்பு மாட்டுக்குள் கையை விட்டிருந்தாள். கன்றின் தலை உள்ளே பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. கன்னம் மாட்டின் தொடையில் பதிந்திருந்ததால் எங்களை ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தாள்.

"தபால் வந்திருக்கும்மா" என்றார் ஆர்டிஸ். "அரசாங்கத்துலேருந்து. நான் பிரிக்கல. வெளிச்சத்துல மட்டும் பிடிச்சுப் பாத்தேன்."

"அட்டையா இருக்கா?"

"அட்டை மாதிரிதான் இருக்கு."

"பிரிங்க."

ஆர்டிஸ் பிரித்தார். மூன்று அட்டைகள். ஒன்றை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உம் பேருதான். போட்டோ நல்லாவே இல்ல. யாரையோ அடிக்கப் போற மாதிரி இருக்க."

"காட்டுங்க."

அவர் குனிந்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்தார். நெரெய்தா பார்த்தாள். மாடு முக்கியது, அவள் பல்லைக் கடித்தாள். மாடு ஓய்ந்ததும் திரும்பப் பார்த்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை இல்லை. ஆர்டிஸ் தன் கோட்டுக் கையால் துடைத்துவிட்டார்.

"தலை வந்துடுச்சு" என்றாள் நெரெய்தா. "ராய்ஸ், அந்தக் கயித்தைப் பிடி. இப்ப இழு. மெதுவா."

இழுத்தேன். கால், மூக்கு, தோள், பிறகு மொத்தமும் வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. அவள் அதன் மூக்கைத் துடைத்து, விலாவைத் தேய்த்தாள். அது தும்மித் தலையை உதறியது.

ஆர்டிஸ் அட்டைகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"காளையா, கிடேரியா?"

நெரெய்தா பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தாள்.

"கிடேரி" என்றாள்.